வெந்நீர் ஊற்றும் மண்பாதையும்: மலாக்காவுக்கு எது பொருந்தும்?

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் கூடாரமும் கேஸ் அடுப்பும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு, தார்ச்சாலை முடிந்த பிறகும் விடாமல் ஓட்டி, மண்ணுக்குள்ளிருந்து சூடாகப் பொங்கிவரும் நீரின் ஓரத்தில் இரவு தங்குவது இன்று பல நாடுகளில் ஒரு மோகமாகிவிட்டது. அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்கள் இதற்குப் பேர்போனவை. காணொளிகளின் வழியே அது மலேசியாவுக்கும் வந்து, நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் முடிந்ததும் பெருகிய முகாம் ஆசையோடு சேர்ந்துகொண்டது. மலாக்கா மாநிலத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் செம்மண் பாதைகளும் இருக்கின்றன. வார இறுதியில் வண்டியை எடுக்கத் துடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பாலைவனத்துக்கு ஒத்த இந்தப் பழக்கம் நம் ஊருக்கு ஒத்துவருமா என்பதே கேள்வி. ஒரேயடியாகத் தடுப்பதும் எளிது, சுற்றுலா வருமானம் என்று சொல்லி வரவேற்பதும் எளிது. இரண்டுக்கும் முன்னால் நிலைமையை எடைபோட வேண்டும். பாலைவனத்தில் இந்தப் பழக்கத்தைத் தாங்குபவை மூன்று: காய்ந்த நிலம், யாரும் போகலாம் என்ற பொது நிலம், பல்லாண்டு பழகி உருவான பராமரிப்பு ஒழுங்கு. மலாக்காவில் இந்த மூன்றும் இல்லை. ஆகவே இங்கே ஊற்றையும் முகாமையும் பிரித்துவிட வேண்டும். குளியல் பகலில் ஊற்றில் நடக்கட்டும். இரவுத் தங்கல் உரிமம் பெற்ற வேறொரு மேட்டு நிலத்தில் இருக்கட்டும். இதுவே இக்கட்டுரையின் முடிவு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஊற்றுகளைப் பற்றி. மலாக்காவில் பரவலாக அறியப்பட்டவை அலோர் காஜா மாவட்டத்தின் காடேக், செரானா பூத்தே, ஜாசின் மாவட்டத்தின் பெம்பான் ஆகிய இடங்களில் உள்ள ஊற்றுகள். வெந்நீர் என்றதும் எரிமலை நினைவுக்கு வரும்; தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஏதும் இல்லை. இங்கே நடப்பது வேறு. மழைநீர் கருங்கல் பாறையின் விரிசல்கள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழம் கூடக் கூடப் பூமியின் வெப்பமும் கூடும். கருங்கல்லில் இயல்பாகவே உள்ள கதிரியக்கத் தனிமங்களும் சிறிது வெப்பம் தருகின்றன. சூடேறிய நீர் வேறொரு பிளவு வழியே மேலேறி, தாழ்வான இடத்தில் வெளிப்படுகிறது. அதனால்தான் நம் ஊற்றுகள் பெரும்பாலும் மலை உச்சியில் இல்லாமல் பள்ளத்தில், ஓடையோரத்தில், சதுப்பு ஓரத்தில் இருக்கின்றன. அழுகிய முட்டை போன்ற வாடை கந்தகம் கலந்த வாயுவால் வருவது. இந்த அமைப்பிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, ஊற்று பள்ளத்தில் இருப்பதால் மழை பெய்தால் சுற்றுவட்டார நீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மற்றொன்று, ஊற்றின் கண் குறுகியது. நீர் வரத்து சிறியது. ஆற்றில் நூறு பேர் இறங்கினால் ஆறு தாங்கும். ஊற்றுக் குளத்தில் இருபது பேர் இறங்கினாலே அதன் நீர் அவர்கள் உடம்பு கழுவிய நீராகிவிடும்.

இந்த ஊற்றுகள் தொலைவில் ஒளிந்திருப்பவை என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் இல்லை. 1854ஆம் ஆண்டில் இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவுக்கு வந்தபோது, ஜாசின் பக்கமுள்ள ஆயர் பானாஸில் அரசாங்க பங்களாவில் தங்கினார். வசதியான வீடு, பிடித்த உயிரினங்களை உலர்த்திப் பதப்படுத்தப் போதிய இடம் என்று எழுதிய அவர், மரம் வெட்டும் சீனத் தொழிலாளர் அங்கே இல்லாததால் வண்ணத்துப்பூச்சி தவிர மற்றப் பூச்சிகள் குறைவாகவே கிடைத்தன என்று குறைப்பட்டுக்கொண்டார். வெட்டிப்போட்ட மரத்தில்தான் வண்டுகள் மொய்க்கும் என்பது அவர் கணக்கு. நூற்றெழுபது ஆண்டுக்கு முன்பே ஆயர் பானாஸில் அரசாங்கம் கட்டிய தங்குமிடம் இருந்தது என்பதே நாம் இதில் கவனிக்க வேண்டியது. பிறகு ரப்பர் வந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். அடுத்து லேடாங் மலையடிவாரத்துப் புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. காடு தோட்டமாக, தோட்டத்துக்குள் லோரி போகும் பாதைகள் வெட்டப்பட்டன. சின்னஞ்சிறு மாநிலம் இது. இன்று காடேக்குக்கும் செரானா பூத்தேக்கும் பெம்பானுக்கும் சாதாரணக் காரிலேயே போய்வரலாம்.

ஆகவே மலாக்காவில் ‘எட்டாத இடம்’ என்பது பெரும்பாலும் தோட்டத்துக் கதவுக்கு அந்தப்பக்கம் என்றுதான் பொருள்படும். அந்தக் கதவு ஒரு காலத்தில் நம் தமிழருக்கு மூடியிருக்கவில்லை. கங்காணி முறையில் தோட்ட வேலைக்கு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் லயத்து வீடுகளில் வாழ்ந்த நாளில், தோட்டத்தின் ஓடையும் குட்டையும் வரப்பும் அவர்களுடைய அன்றாடம். எந்த மேடு மழைக்கு வழுக்கும், எந்தப் பள்ளத்தில் நீர் நிற்கும் என்பது வேலையோடு கற்ற பாடம். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் குடிபெயர்வை நிறுத்தியது. 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தன. அதற்கு எதிர்வினையாகத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகவே போதும். அந்த ஆட்களும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள். தோட்டத் தமிழர் மலாக்கா, ஜாசின், தம்பின் போன்ற பட்டணங்களின் தாமான்களுக்குப் போனார்கள். இன்று தோட்டப் பாதையில் வண்டி ஓட்டும் இளைஞருக்கு அது தாத்தா வேலை செய்த இடமாக இருக்கலாம். ஆனால் அந்த மண்ணைப் பற்றிய அறிவு தாத்தாவோடு நின்றுவிட்டது. இந்த இடைவெளியைக் கணக்கில் எடுக்காத எந்த முடிவும் அரைகுறையாகவே இருக்கும்.

பாலைவனத்தில் இந்தப் பழக்கம் எப்படி நடக்கிறது? கலிஃபோர்னியாவின் சலைன் பள்ளத்தாக்கு நல்ல எடுத்துக்காட்டு. தார் போடாத நீண்ட பாதையில், மலைக் கணவாய்களைத் தாண்டிப் போனால் அங்கே வெந்நீர் ஊற்றுகள். 1960களிலிருந்து வருவோரே கல்லும் சிமெண்டும் கொண்டு தொட்டிகள் கட்டினார்கள், குழாய் இழுத்தார்கள், பனைகள் நட்டார்கள். அங்கேயே தங்கி இடத்தைக் கவனித்துக்கொள்ளும் தொண்டர் ஒருவர் இருப்பது வழக்கமானது. நிலம் மத்திய அரசின் பொது நிலம். 1994இல் அது டெத் வேலி தேசியப் பூங்காவுக்குள் சேர்க்கப்பட்டது. எத்தனை நாள் தங்கலாம், எங்கே கூடாரம் அடிக்கலாம் என்பதற்கு விதி உண்டு. மீறினால் கேட்க ஆள் உண்டு. அந்த நிலம் திம்பிஷா ஷோஷோனி மக்களின் மூதாதையர் பூமி என்பதால், யாருடைய உரிமை முதலாவது என்ற கேள்வியும் அங்கே ஓய்ந்துவிடவில்லை. டெத் வேலியின் தரைப்பகுதியில் ஆண்டுக்கு விழும் மழை சுமார் 60 மில்லிமீட்டர்தான். ஆனாலும் 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் எச்சம் அங்கே ஒரே நாளில் ஏறக்குறைய ஓராண்டு மழையைக் கொட்டியதும் பாதைகள் அடித்துச் செல்லப்பட்டன; பூங்காவே ஏறத்தாழ இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. காய்ந்த நிலமும் பொது உடைமையும் ஒழுங்கும் சேர்ந்திருந்த இடத்திலேயே ஒரு நாள் மழை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

இன்னொரு பாலைவனத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். லடாக்கின் குளிர்ப் பாலைவனத்தில், கடல் மட்டத்திலிருந்து 4,400 மீட்டர் உயரத்தில் பூகா பள்ளத்தாக்கு இருக்கிறது. பனி படர்ந்த தரையிலிருந்து ஆவி எழும் அந்த இடத்தைத் தேடி வண்டிக்காரர்கள் போகிறார்கள். 2021இல் அங்கே புவிவெப்ப மின்சாரத்துக்கு ஓஎன்ஜிசி நிறுவனம் ஒப்பந்தம் செய்தது; 2022இல் துளையிடும்போது வெளியேறிய நீர் பூகா ஓடையில் கலந்ததாகச் செய்தி வந்தது. சாங்தாங்கின் மேய்ச்சல்காரர்களுக்கு அந்த ஓடைதான் வாழ்வு. தொலைவில் இருக்கும் ஊற்று தொலைவாலேயே பாதுகாக்கப்படும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கேடு நேர்ந்தால் அது வெளியே தெரியவும் நாளாகும், சரிசெய்யவும் நாளாகும். ஊற்றைக் காப்பது தொலைவு என்றால் பூகாவுக்கு ஒன்றும் நேர்ந்திருக்கக் கூடாது.

இனி காய்ந்த நிலம் என்ற முதல் நிபந்தனையை மலாக்காவில் வைத்துப் பார்ப்போம். இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை சர்வசாதாரணம். செம்மண் பாதையில் கனத்த வண்டி ஓடினால் சக்கரத் தடம் குழியாகும், குழியில் நீர் நிற்கும், அடுத்த மழையில் அந்த மண் ஓடைக்குப் போகும். நம் நாட்டு வண்டியோட்டிகளுக்குச் சேறே சவால். 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் பந்தயம் ஆண்டிறுதி மழைக்காலத்தில் நடத்தப்படுவதே அதற்குச் சான்று. ஆனால் இந்தச் சேற்றில் நோயும் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் எலி பெருகும். உதிர்ந்த பழம் அதற்கு உணவு. எலியைப் பிடிக்கத் தோட்ட நிர்வாகங்கள் கம்பத்தில் பெட்டி கட்டிக் கூகைகளை வளர்ப்பது அதனால்தான். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவும்; மலேசியாவில் 2010 முதல் அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். அதே 2010இல் பகாங்கின் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப்போன மீட்புக் குழுவினரும் கிராமத்தாரும் எலிக்காய்ச்சலாலும், மண்ணிலிருந்து வரும் மெலியோய்டோசிஸ் என்ற கிருமி நோயாலும் தாக்கப்பட்டு எட்டுப் பேர் இறந்தார்கள். மெலியோய்டோசிஸ் என்று உறுதியாகி இறந்தவர்கள் நீரிழிவுக்காரர்களாக இருந்தது ஆய்வில் தெரிந்தது. மலேசியாவில் வளர்ந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2019 தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிக அதிகம். காலில் சிறு வெட்டோடு சேற்றில் இறங்கி வண்டியைத் தள்ளும் நாற்பது வயது நீரிழிவுக்காரருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல.

வெந்நீரும் நீரிழிவுக்காரரைச் சும்மா விடாது. நீண்டநாள் நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கும். சூடு தெரியாமலே கால் வெந்துபோகும். வீட்டில் கைவிட்டுப் பார்த்து விளாவிய வெந்நீரில்கூட இது நடப்பதுண்டு. வெப்பம் எவ்வளவு என்று தெரியாத ஊற்றில், அதுவும் இருட்டில், ஆபத்து பன்மடங்கு. சேற்றோரம் உறுதியாகத் தெரியும் மண்மேல் படலம் உள்ளே கொதிநீரை மறைத்திருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் வெகுநேரம் வெந்நீரில் அமிழ்ந்திருந்து சட்டென்று எழுந்தால் மயக்கம் வரும். கருவுற்றவர்களும் இதயநோயாளிகளும் அமிழ்ந்து குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் நெக்ளேரியா என்ற அமீபா, மூக்குக்குள் நீர் ஏறினால் மூளைவரை போய்க் கொல்லக்கூடியது. இது மிக மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். குளத்தில் தலை முழுகாமல் இருப்பதே அதற்குக் காப்பு. இவை எவையும் ஊற்றுக்கே போகாதே என்று சொல்லவில்லை. எப்படிப் போக வேண்டும் என்று சொல்கின்றன: பகலில், வெப்பம் அளந்து எழுதிய பலகை உள்ள இடத்துக்கு, அரை மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேரக்கூடிய தூரத்துக்கு. இந்த மூன்றும் நள்ளிரவு முகாமுக்கு நேரெதிர்.

இரவுத் தங்கலுக்கு வருவோம். 2022 டிசம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் சிலாங்கூர் பத்தாங் காலி அருகே ஒரு பண்ணை முகாமின்மேல் மலைச்சரிவு இறங்கியது. தங்கியிருந்த 92 பேரில் 31 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். அந்த இடத்துக்கு விவசாயப் பண்ணை நடத்தத்தான் அனுமதி இருந்தது, முகாம் நடத்த இல்லை என்று அமைச்சரே பிறகு சொன்னார். அதன் பிறகே நாடெங்கும் ஆற்றோர, மலையோர முகாம்கள் தற்காலிகமாக மூடப்பட்டன, வழிகாட்டி விதிகள் வகுக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் கெடாவின் யான் வட்டாரத்தில், ஜெராய் மலையிலிருந்து கெபாலா ஆயர் என்னும் திடீர் நீர்ப்பாய்ச்சல் வந்து ஆறு பேரைக் கொண்டுபோனது. மலாக்கா தட்டை நிலம்தானே, இங்கே எங்கே சரிவு என்று கேட்கலாம். லேடாங் மலையடிவாரத்து அசாஹான் பக்கம் அப்படிச் சொல்ல முடியாது. மற்ற இடங்களில் சரிவு இல்லாவிட்டாலும் பள்ளம் இருக்கிறது. ஊற்று பள்ளத்தில்தான் இருக்கும் என்பதை முன்பே பார்த்தோம். கூடாரத்துக்கு மேடு வேண்டும், ஊற்றுக்குப் பள்ளம் வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் கேட்பதே இந்தப் பழக்கத்தின் அடிப்படைக் கோளாறு.

இரண்டாவது நிபந்தனை நிலம். மலேசியாவில் நிலமும் காடும் நீரும் மாநில அரசின் அதிகாரம். நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதிச்சீட்டு இல்லாமல் நுழைந்தால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 ரிங்கிட்வரை அபராதமோ மூன்றாண்டுவரை சிறையோ விதிக்கலாம். தோட்டம் தனியார் சொத்து. செம்பனைக் குலைத் திருட்டு ஓயாததால் கதவும் காவலுக்கு ஜாகாவும் போட்டிருக்கிறார்கள். இரவு பத்து மணிக்கு நாலைந்து வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால், வந்தவர் குளிக்க வந்தாரா குலை தூக்க வந்தாரா என்று ஜாகாவுக்கு எப்படித் தெரியும்? ஊற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையின் கன்னியா பாடம் சொல்கிறது. திருகோணமலைக்கு அருகிலுள்ள அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளைத் தமிழர்கள் இராவணன் கதையோடு இணைத்து, இறந்தோருக்கான அந்தியேட்டிச் சடங்கு செய்துவந்தார்கள். போர் முடிந்த பிறகு நிர்வாகம் தொல்லியல் திணைக்களத்தின் கைக்குப் போனது. 2019 ஜூலையில் அது பெரும் போராட்டமாக வெடித்து நீதிமன்றம்வரை சென்றது. காலம்காலமாகப் பயன்படுத்தியது மட்டும் உரிமையாகிவிடவில்லை. எழுத்திலும் பராமரிப்பிலும் இடம் பெறாதவர்கள் பிறகு வாசலில் நின்று கேட்க வேண்டியதாயிற்று. மலாக்காவில் அப்படியொரு பூசல் இல்லை. இல்லாத நாளிலேயே ஒழுங்கு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

இப்போது மறுப்புகளைக் கேட்போம். முதல் மறுப்பு அழகைப் பற்றியது: அரசாங்கம் கைவைத்தால் ஊற்று சிமெண்டுத் தொட்டியாகும், ஓடு பெயரும், குழாய் உடையும், பிறகு யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள், அதற்குக் காட்டோடு விடுவதே மேல். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. நாட்டில் பல பொழுதுபோக்கு இடங்கள் திறப்புவிழா நாளில் மட்டுமே பளபளப்பாக இருந்தவை. ஆனால் மாற்று வழி காட்டோடு விடுவது மட்டுமல்ல. பக்கத்துச் சிங்கப்பூரின் செம்பவாங் ஊற்று 1909இல் ஒரு சீன வணிகரின் நிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பானக் கம்பெனி அதைப் புட்டியில் அடைத்து விற்றது. பிறகு இராணுவ நிலத்துக்குள் அடைபட்டது. அதை மூடிவிடக் கூடாது என்று பொதுமக்கள் குரல் கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் அது பூங்காவாகத் திறந்தபோது பெரிய நீச்சல்குளம் எதுவும் கட்டவில்லை. கொதிநீர் படிப்படியாக இறங்கி ஆறிவரும் கால் நனைக்கும் குளமும், வாளியில் பிடித்துக்கொள்ளக் குழாயும், முட்டை அவிக்க இடமும்தான். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை, கட்டணம் இல்லை. பெரிய கட்டடம் எழுப்பினால்தான் பராமரிப்புச் செலவு கையைக் கடிக்கும். சிறிதாகச் செய்தால் சமாளிக்கலாம்.

இங்கே ஒரு பழைய வழக்கம் கைகொடுக்கிறது. கன்னியாவில் யாரும் கிணற்றுக்குள் இறங்கி அமிழ்வதில்லை. வாளியில் மொண்டு மேலே ஊற்றிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கிணற்றின் சூடும் சற்றே வேறுபடும். கையில் பட்டதும் தெரிந்துவிடும். மொண்டு குளிக்கும் இந்த முறையில் ஊற்றின் நீர் அழுக்காவதில்லை, மூக்கில் நீர் ஏறுவதில்லை, உணர்ச்சி மங்கிய கால் கொதிநீரில் வெகுநேரம் ஊறுவதில்லை, அடுத்தவர் புண் நமக்கு ஒட்டுவதில்லை. முன் பத்திகளில் எண்ணிய ஆபத்துகளில் பாதியை ஒரு வாளி தீர்த்துவிடுகிறது. தொட்டியில் சாய்ந்து மணிக்கணக்கில் ஊறுவது பாலைவன முகாமின் பாணி. குளிர்ந்து காய்ந்த இரவில் அதற்கு அருமையான பொருத்தம் இருக்கலாம். முப்பது டிகிரி வெயிலில் வியர்த்துக்கொண்டிருக்கும் மலாக்காவில் அதைப் பின்பற்றும் தேவை என்ன?

இரண்டாவது மறுப்பு இளைஞர்களைப் பற்றியது: பட்டணத்துத் தாமானில் அடைபட்ட பிள்ளைகளுக்குக் காடும் மண்ணும் வேண்டாமா, எதற்கெடுத்தாலும் தடை போட்டால் அவர்கள் வேறெங்கே போவார்கள்? இது வலுவான மறுப்பு. மண்பாதையில் வண்டி ஓட்டுவது வெறும் வீண் ஆட்டம் என்று சொல்பவர்கள் 2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளத்தை மறந்துவிட்டார்கள். சாதாரண வண்டி போகாத ஊர்களுக்கு அரிசியும் குடிநீரும் கொண்டுபோனவர்களில் இந்த வண்டிக்காரர்களும் இருந்தார்கள். வின்ச் போட்டு இழுக்கவும், ஆற்றின் ஆழம் பார்த்துக் கடக்கவும், ரேடியோவில் பேசவும் தெரிந்தவர்கள் ஒரு மாநிலத்துக்குச் சொத்து. அதனால்தான் இக்கட்டுரை பயணத்தைத் தடுக்கச் சொல்லவில்லை. இரவையும் ஊற்றையும் மட்டும் பிரிக்கச் சொல்கிறது. தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, மழை இல்லாத நாளில், குறித்த பாதையில் பகலில் ஓட்டுவதில் சுகம் குறைந்துவிடாது. கூடாரம் அடிக்க ஆசையென்றால் உரிமம் பெற்ற மேட்டு நிலம் இருக்கிறது. தொலைவுதான் வேண்டும் என்பவர்கள் பேராக்கின் சுங்கை கிளா, உலு சிலிம் பக்கமோ, திரெங்கானுவின் உலு பெசூட்டிலுள்ள லா ஊற்றுக்கோ போகலாம். அங்கேயும் இதே விதி பொருந்தும்.

மூன்றாவது மறுப்பு பணம்: இரவு தங்குபவர்தான் செலவு செய்வார், பகலில் வந்து போகிறவரால் ஊருக்கு என்ன லாபம்? நடைமுறையில் பார்த்தால் முகாமுக்கு வருபவர் அரிசி முதல் ஐஸ் வரை பட்டணத்துப் பேரங்காடியில் வாங்கி ஏற்றிக்கொண்டுதான் வருகிறார். ஊற்றோரத்தில் அவர் விட்டுப்போவது பெரும்பாலும் குப்பை. பகலில் குடும்பத்தோடு வருபவர் பசித்தால் பக்கத்துக் கடையில் சாப்பிடுவார், பிள்ளைக்கு இளநீர் வாங்கித் தருவார், உள்ளூரில் வண்டி நிறுத்தக் காசு கொடுப்பார். முதியவர்களையும் கூட்டி வருவார். முட்டி வலிக்காக வெந்நீரைத் தேடும் பாட்டிமாருக்குக் கூடார முகாமால் என்ன பயன்? ஊற்றின் பலன் அதிகம் பேருக்குப் போக வேண்டும் என்றால் தார்ச்சாலையும் நிழலும் கழிவறையும் உள்ள பகல் இடமே அதைச் செய்யும். வண்டி வாங்க ஒன்றரை லட்சம் ரிங்கிட் இல்லாதவருக்கும் அந்த நீரில் பங்கு உண்டு.

மூன்றாவது நிபந்தனையான பராமரிப்பு ஒழுங்கு மட்டும் முயன்றால் நம்மால் உருவாக்கக்கூடியது. அலோர் காஜா, ஜாசின் நகராண்மைக் கழகங்கள் செய்ய வேண்டியவை எளியவை: ஊற்றின் வெப்பத்தை அளந்து மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் பலகை வைப்பது, நீரைக் குறித்த கால இடைவெளியில் சோதித்து முடிவை அங்கேயே ஒட்டுவது, மாலையானதும் மூடுவது, அமிழும் தொட்டிக்குப் பதிலாக மொண்டு குளிக்கும் மேடை கட்டுவது. எஞ்சியதை ஊர்க்காரர்களிடம் விடலாம். திருவிழா நாளில் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்துப் போட்டு, வரிசை நிறுத்தி, மறுநாள் வளாகத்தைக் கழுவிவிடும் கோயில் குழுக்கள் மலாக்காவில் இருக்கின்றன. அந்தத் திறமை ஊற்றுக்கு உதவாதா? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த முதியவர்களுக்கு அந்த நிலத்தின் நீர்வழி தெரியும்; வண்டிச் சங்கங்களுக்கு ஆள்பலமும் கருவியும் உண்டு. முன்னவர் வழிகாட்ட, பின்னவர் தடத்தைச் சீர்செய்து, குப்பையை அகற்றி, மழைநாளில் பாதையை மூடி அறிவிப்புக் கொடுக்கட்டும். தோட்ட நிர்வாகம் கதவைத் திறப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

சங்கங்கள் இந்தப் பொறுப்பை ஏற்றால் பகல் நேரத்து மண்பாதை உரிமையைக் கேட்கும் தகுதி அவர்களுக்கு உண்டு; நகராண்மைக் கழகமும் தோட்டமும் அதைக் கொடுக்கத்தான் வேண்டும். படம் எடுக்க மட்டும் வந்து, சேற்றையும் சாம்பலையும் போத்தலையும் விட்டுவிட்டுப் போவதுதான் பழக்கம் என்றால், கதவைப் பூட்டி வைக்கும் ஜாகாவின் பக்கமே நியாயம் இருக்கிறது. அந்த முடிவு வண்டி ஓட்டுபவர்களின் கையில்தான் உள்ளது.